காற்றை இழுக்கும் பெர்னடெட்

செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெர்னடெட் கடையின் பளபளப்பான தரையில் மல்லாந்து படுத்தார். பிறகு தலையை மெல்ல மெல்ல நகர்த்தி இயந்திரத்துக்கு அடியில் நுழைத்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டுமே. உள்ளே கைபேசி வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.

"அக்கா, இதின்ரை விபரமெல்லாம் இந்தப் பேப்பரிலை வடிவாக் கிடக்கு," என்றான் விற்பனைக்கு நின்ற கிருஷாந். கடைக்கு வந்த மற்றவர்கள் தன்னைப் பார்ப்பதை அவன் விரும்பவில்லை.

"பேப்பரை நீரே வைச்சிரும் தம்பி. மேலையிருந்து பாத்தா எல்லாம் வடிவுதான். அடியிலைதான் உண்மை கிடக்கும்."

பெர்னடெட் எந்தப் பொருளையும் அடியிலிருந்துதான் பார்ப்பார். குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது அதைச் சரித்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். ஸ்கூட்டி வாங்கியபோது மழை பெய்த நிலத்தில் படுத்தார். அவர் பிறந்தது குருநகரில். அங்கே வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் விலை பேசுவார்கள். மேலே பூசிய பச்சை வர்ணத்தையும் முன்பக்கத்தில் எழுதிய மாதாவின் பெயரையும் யாரும் பார்ப்பதில்லை. உப்பு எந்த ஆணியை அரித்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அவருடைய தகப்பன் கிறகோரி அப்படித்தான் பார்த்தார். மகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மகள் அதைப் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மனிதர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் சங்கதிகளையும் அடியில் புகுந்து பார்க்க அவருக்கு ஆசை. ஒருவர் வழமையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் படியேறினாலும் காரணம் தெரியாமல் பெர்னடெட்டுக்குத் தேத்தண்ணி இறங்காது. பிறர் கதையை அறியத் துடிக்கும் இந்தக் குணத்தை ஊரில் விடுப்பு என்பார்கள். "ஓம், எனக்கு விடுப்புத்தான். விடுப்பில்லாத மனுசருக்கு உயிர் எதுக்கு?" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மருதனார்மடம் சந்தியில் ஆழ்வாப்பிள்ளையின் பெயின்ற் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பெர்னடெட்டின் ஜிம். பல வருடம் கொழும்பில் ஒரு பெரிய ஜிம்மில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து தொடங்கியது. பின்னேரம் பொடியன்கள் வருவார்கள். பாட்டு அதிரும், இரும்பு விழும். காலையில் எட்டு மணி வரை பெண்கள் மட்டும். அவர்கள் முன்வாசலால் வருவதில்லை. பக்கத்து ஒழுங்கையால் வந்து பின்படியில் ஏறுவார்கள். "பொடியள் இல்லாட்டி வாடகை இல்லை. பொம்பிளையள் இல்லாட்டி நான் இல்லை," என்பது பெர்னடெட்டின் கணக்கு.

இணுவிலிலிருந்து வரும் குணலட்சுமி அந்தக் காலைக் கூட்டத்தில் மூத்தவர். வெங்காயத் தோட்டக்காரரின் மனைவி. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருக்கிறது, முழங்காலும் சரியில்லை. வைத்தியர் முழங்காலில் பாரம் விழாத பயிற்சியாகச் செய்யச் சொன்னார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து புறப்படுவார். "பொய்யில்லைப் பிள்ளை. இஞ்சை முடிச்சுப்போட்டு அங்கையும் போறனான்தானே," என்பார்.

இந்தக் காலைக் கூட்டம்தான் இப்போது ஆபத்தில் இருந்தது. காரணம் ஒரு பழைய ட்ரெட்மில். அதன் பட்டி சுற்றத் தொடங்கினால் கட்டடமே கடகடவென்று ஆடும். பின்படிக்குக் கீழே, நிழலில், ஆழ்வாப்பிள்ளை ஒரு நீளமான மர வாங்கு போட்டிருந்தார். சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்தவர்கள் வியாபாரம் முடிந்ததும் அதில் அமர்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். கடகடப்பு வந்தால் ஆழ்வாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பார்:

"என்ன பிள்ளையள், விடியக்காலமை மா இடிக்கிறியளோ? இந்த ஏழைக்கும் ஒரு நீத்துப்பெட்டி புட்டு அனுப்புங்கோவன்!"

வாங்கு முழுக்கச் சிரிப்பு எழும். ஆழ்வாப்பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பகிடி விட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அதை விடமாட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே படியிறங்கிப் போன சிலர் பிறகு வரவில்லை. ட்ரெட்மில் ஒருநாள் புகை விட்டு நின்றபோது பெர்னடெட் அழவில்லை. அடுத்து வாங்குவது முழங்காலுக்கு இதமாக இருக்கவேண்டும், கீழே ஒரு ஊசிச் சத்தமும் கேட்கக்கூடாது என்று தீர்மானித்தார். இல்லையென்றால் காலை நேரத்தைப் பூட்டவேண்டியதுதான்.

அப்படித்தான் அவர் யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடையில் வந்து படுத்தார். தேடி வந்தது தண்டு வலிக்கும் இயந்திரம், படகில் துடுப்புப் போடுவது போன்ற பயிற்சிக்கு. கடையில் இரண்டு வகை இருந்தன. இரண்டிலும் இருக்கை ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். காலை உதைத்துக் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுக்கவேண்டும். ஒன்று காந்தத்தால் எதிர்ப்பது. மற்றது காற்றால் எதிர்ப்பது. முன்பக்கத்தில் கம்பிக் கூட்டுக்குள் பெரிய விசிறி.

"லேடீஸுக்கு இந்தக் காந்தம்தான் அக்கா. பூனை மாதிரி. சத்தமே இல்லை."

பெர்னடெட் எழுந்து உட்கார்ந்தார். "உது பழுதாப்போனா ஆர் வருவினம்?"

இதுவும் அவருடைய பழக்கம். எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். தங்கைக்கு மாப்பிள்ளை பேசி வந்த தரகரிடமும் இதையே கேட்டாராம்.

"கொழும்பிலையிருந்து ஆள் வரும் அக்கா."

"எப்ப?"

"வரும்."

"அந்த 'வரும்' எனக்கு வடிவாத் தெரியும். சரி, மற்றது?"

"காத்து மெசினிலை பழுதாகப் பெரிசா ஒண்டுமில்லை. ஒரு சங்கிலி, ஒரு விசிறி. இடைக்கிடை சங்கிலிக்கு எண்ணெய் விட்டாச் சரி."

பெர்னடெட் காற்று இயந்திரத்தில் ஏறி இழுத்தார். கூவென்று காற்று சீறியது. கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, முகம் விரிந்துவிட்டது. மெல்ல இழுத்துப் பார்த்தார். இயந்திரம் மெல்ல எதிர்த்தது. பலமாக இழுத்தார், அதுவும் பலமாக எதிர்த்தது. இறங்கிப் போய் ஒரு கையைக் கம்பிக் கூட்டில் வைத்துக்கொண்டு மறுகையால் சங்கிலியை இழுத்தார். உள்ளங்கையில் காற்று மோதியது.

"இஞ்சை பாரும் தம்பி, சும்மா கிடக்கிற காத்து எப்பிடி இப்பிடி இறுகி நிக்குது?"

"அது... அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள்."

"நீர் சோளகக் காத்துக்கு எதிரா சைக்கிள் ஓடின ஆளோ? ஆறுதலாப் போனா அது விடும். விரைஞ்சா அதுவும் முறைச்சுக்கொண்டு வரும். அதைத்தான் உதுக்குள்ளை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

காந்த இயந்திரம் அப்படியில்லை. குமிழை எந்த எண்ணில் வைத்தோமோ அந்தப் பாரத்திலேயே நின்றது. நாள் முழுவதும் பலர் மாறி மாறி ஏறும் இடத்தில் ஒவ்வொருவரும் அந்தக் குமிழைத் திருகுவார்கள். பொது இடத்தில் திருகக்கூடிய எதுவும் முதலில் உடையும் என்பது பெர்னடெட்டின் அனுபவம். துப்பட்டாவின் நுனியைத் தண்டவாளத்தில் போட்டு இருக்கையை ஓட்டிப் பார்த்தார். இரண்டு இயந்திரங்களுமே துணியைக் கடித்தன. ஆக, துப்பட்டா கட்டாமல் ஏறவிடக்கூடாது. முழங்கால் நோகிறவர் எழும்ப வசதியான உயரம் காற்று இயந்திரத்துக்கு இருந்தது. எல்லாம் சரி. சத்தம் ஒன்றுதான்.

"ரெண்டையும் ஏத்தும். ரெண்டு கிழமை எங்கடை ஆக்கள் இருந்து பாக்கட்டும். பேந்து ஒண்டைத் திருப்பித் தாறன்."

"அப்பிடி நாங்கள் குடுக்கிறேல்லை அக்கா."

"அப்ப நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை," என்று சொல்லிவிட்டுப் பெர்னடெட் மறுபடியும் படுத்தார்.

வந்தவர்கள் எல்லோரும் அவருடைய காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, கையால் 'கொடுத்துவிடு' என்று சைகை காட்டினார்.

இயந்திரங்கள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மருதனார்மடத்துக்கு வந்தன. பெர்னடெட் குருநகர்க் கோயிலில் எடுத்துவைத்திருந்த தீர்த்தத்தைத் தெளித்தார். குணலட்சுமி ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். புது வாகனம் என்றால் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓட்டலாமோ? "இதுக்கு ரயர் எங்கை பிள்ளை?" என்று இரண்டையும் சுற்றிச் சுற்றித் தேடினார். கடைசியில் நகர்த்துவதற்காக முன்பக்கத்தில் இருந்த சின்னச் சில்லுகளைக் கண்டுபிடித்து, எல்லோருமாகத் தூக்கிச் சரித்து, பழத்தின் மேல் உருட்டினார்கள். பழம் நசுங்கவில்லை. உருண்டு மூலைக்குப் போனது. குணலட்சுமி அதைப் பிடித்து வந்து குதிக்காலால் மிதித்து விஷயத்தை முடித்தார்.

காற்று இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நெம்பு உண்டு. ஒன்று முதல் பத்து வரை எண் போட்டிருக்கும். எண் கூடக்கூட விசிறிக்குள் காற்று கூடப் போகும்; இழுவையும் கனக்கும், இரைச்சலும் கூடும். முதல் நாள் பின்னேரமே பொடியன்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைப் பத்தில் தள்ளிவிட்டு இழுத்தார்கள். பெர்னடெட் வந்து நாலில் வைத்து, வெள்ளைப் பிளாஸ்ரர் சுற்றி ஒட்டினார். "பத்திலை வைச்சா நாளைக்கு நாரி நோகுதெண்டு இடுப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் படியேறுவியள். உதிலை கைவைச்சவனுக்கு இனி இஞ்சை இடமில்லை!"

பெண்கள் காட்டியது வேறு கூத்து. காற்று இயந்திரத்தில் ஏறி, விசிறி விழித்துவிடக்கூடாது என்பதுபோல் கைப்பிடியை மெல்ல மெல்ல இழுத்தார்கள். தொட்டில் ஆட்டுகிற மாதிரி. இயந்திரமும் அவர்கள் கொடுத்த அளவையே திருப்பிக் கொடுத்தது, ஒருவருக்கும் வியர்க்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து எல்லோரும் காந்த இயந்திரத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஜிம் கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. கீழே ஆழ்வாப்பிள்ளையின் பகிடியும் நின்றுபோனது. தெரிவு முடிந்துவிட்டது, காற்று இயந்திரத்தைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்று பெர்னடெட் நினைத்தார். மனம் மட்டும் கேட்கவில்லை. தினமும் அதன் கம்பிக் கூட்டில் படிந்த செம்மண் புழுதியைத் துடைத்துவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் ஒரு இழுவை இழுத்துக் காற்றில் கையை வைத்துப் பார்ப்பார்.

பிறகு தாரிகாவின் சங்கதி நடந்தது.

தாரிகா சந்திக்கு அப்பால் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. "ஃபோனிலை சமைப்பீரோ எண்டு கேட்டவர் அக்கா. வேலையை விடுவீரோ எண்டும் கேட்டவர். என்ரை பெயரைக் கேக்கேல்லை. எனக்கு வேண்டாம். அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை," என்று காந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொன்னாள். பெர்னடெட் துருவித் துருவிக் கேட்டார். தாரிகா எல்லாம் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் பின்படியில் ஏறவந்தபோது வாங்கிலிருந்து குரல் வந்தது.

"தாரிகா பிள்ளை, பெயர் கேளாத மாப்பிளையை வேண்டாமெண்டிட்டீராம். நல்ல முடிவு! என்னப்பா சொல்லுறியள்?"

வாங்கில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். "ஓம் ஓம், உவன் சரிவராது," என்றார் முருங்கைக்காய்க்காரர் ஒருவர். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் பொழுது சாய முன்னம் கதை தாரிகாவின் தாயிடம் போய்விட்டது.

அப்போதுதான் பெர்னடெட்டுக்கு விளங்கியது. பின்படி ஒரு புனல். மாடியில் சொல்வதெல்லாம் வழுகி வாங்கில் போய் விழுகிறது. பழைய ட்ரெட்மில் கடகடத்த காலத்தில் கீழே கேட்டது கடகடப்பு மட்டும். அமைதியான இயந்திரம் வந்தபிறகுதான் வாங்குக்குக் காது முளைத்தது. பாட்டுப் போடலாம். ஆனால் காலையில் கோயில் பக்கமிருந்து தேவாரம் வரும் வேளையில் சினிமாப் பாட்டுப் போட்டால் அதற்கும் ஒரு கதை கிளம்பும்.

தாரிகா வரவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். ஒரு காலையில் குணலட்சுமி மட்டும் வந்தார். அவரும் பேசவில்லை. இப்போதெல்லாம் பயிற்சி முடிந்ததும் அவர் உடனே கோயிலுக்குப் போவதில்லை. யன்னலோரம் உட்கார்ந்து கைபேசியை எடுத்துப் பார்ப்பார், எதையோ சொல்ல வாயெடுப்பார், படிப்பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். அது என்னவென்று தெரியாமல் பெர்னடெட்டுக்கு நெஞ்சு அரித்தது. இரண்டு தரம் கேட்டும் பார்த்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றுதான் பதில்.

வெறுமையாகக் கிடந்த மாடியைப் பார்க்க எரிச்சல் வந்தது. பெர்னடெட் காற்று இயந்திரத்தில் ஏறி, கரைவலை இழுப்பதுபோல் இழுத்தார். விசிறி கூவியது. குணலட்சுமியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பெர்னடெட் நிறுத்தினார்.

"என்ன குணமக்கா?"

"உமக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு கேட்டனான்."

"எத்தினை தரம்?"

"நாலைஞ்சு தரம் கேட்டுட்டன்."

பெர்னடெட் கைப்பிடியை விட்டார். பிறகு துள்ளி எழுந்தார். "அக்கா, நீங்கள் இதிலை இருங்கோ. பலமா இழுங்கோ. இழுத்துக்கொண்டே ஆழ்வாப்பிள்ளை அண்ணையைப் பேசுங்கோ. வாய்க்கு வந்தபடி பேசுங்கோ. நான் கீழை போறன்."

"ஐயோ, அந்த மனிசனை என்னெண்டு பேச?"

"புட்டுக் கேட்டவரல்லோ? அதிலையிருந்து தொடங்குங்கோ!"

பெர்னடெட் கீழே போய் வாங்கில், ஆழ்வாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். மேலே முதலில் ஒரு முனகல். பிறகு காற்று எழும்பியது. பிறகு அது பலத்தது.

"என்ன பிள்ளை, மேலை சோளகம் பிறந்திட்டுதோ?"

"வேறை ஏதும் கேக்குதோ அண்ணை?"

ஆழ்வாப்பிள்ளை காதைப் படிப்பக்கம் திருப்பினார். கையைக் குவித்தும் பார்த்தார். "கண்டறியாத காத்துத்தான் கேக்குது," என்றார். பிள்ளையிடமிருந்து பண்டத்தைப் பறித்தது போல முகம் வாடிவிட்டது. வாங்கில் இருந்தவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தக்காளி விலையைப் பேசத் தொடங்கினார்கள்.

பெர்னடெட் படியில் பாதி ஏறும்வரை காற்றுத்தான். மேல்படியில் கால் வைத்த பிறகுதான் குரல் பிடிபட்டது. திருநீறு வியர்வையில் கரைந்து ஒழுக, குணலட்சுமி உதைத்து உதைத்து இழுத்துக்கொண்டிருந்தார். "...பெயின்ற் வாளி மண்டையன்! உனக்குப் புட்டோ? உன்ரை மனிசி அவிச்சுத் தாறதுக்கு ஒரு நாள் நல்ல சொல்லுச் சொல்லியிருப்பியோ?" பெர்னடெட்டைக் கண்டதும் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "கேட்டுதோ?"

"ஒரு சொல்லும் கேக்கேல்லை."

"அப்ப இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்று குணலட்சுமி மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தார்.

அன்றே பெர்னடெட் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். தாரிகா முதலில் முகத்தைத் திருப்பினாள். கதையைக் கேட்டபிறகு சிரித்தாள். அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். காலை நேரத்துக்குத் தானாக ஒரு முறை உண்டானது: கதை இருக்கிறவர் நிற்பார், கதை இல்லாதவர் இழுப்பார். கதை பெரிதென்றால் இழுவையும் பெரிது. யாரும் தொட்டில் ஆட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரவில்லை என்பதையும், தாய் ஒருவாறு சமாதானமாகிவிட்டார் என்பதையும் தாரிகா சொல்லி முடிப்பதற்குள் இழுத்தவர்களுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

இரண்டு வாரமும் முடிந்தபோது கிருஷாந் லொறியோடு வந்தான். காந்த இயந்திரத்தை இறக்கச் சொன்னதும் நம்பமுடியாமல் பார்த்தான். "லேடீஸ் சத்தம் விரும்பமாட்டினமே அக்கா?"

"தம்பி, நீர் இன்னும் அடியிலை படுத்துப் பாக்கேல்லை."

அதற்குப் பிறகு ஒரு காலை. கூட்டம் கலைந்துவிட்டது. தாரிகா தலை வாரிக்கொண்டிருந்தாள். பெர்னடெட் துணியால் கம்பிக் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். யன்னலோரம் இருந்த குணலட்சுமி கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து தாரிகாவிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் மருந்துக்கடையிலை நிக்கிற ஆள். உம்மட்டை ஒண்டு காட்டிக் கேக்கோணும்..." குரல் தாழ்ந்தது. படிப்பக்கம் பார்த்தார். கீழே வாங்கில் யாரோ இருமுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

பெர்னடெட்டின் கையில் துணி நின்றது. இத்தனை நாளாக அவர் அறியத் துடித்த சங்கதி இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் அசையாமல் நின்றாலே போதும், காதில் விழும்.

அவர் துணியைத் தோளில் போட்டார். காற்று இயந்திரத்தில் ஏறி, அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைப் பட்டிக்குள் மாட்டினார். பிறகு குனிந்து, யாரும் தொடக்கூடாது என்று தானே ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்ரரை நகத்தால் கிளப்பி, ஒரே இழுவையில் உரித்தார். நெம்பைப் பத்துக்குத் தள்ளிவிட்டு, பலமெல்லாம் சேர்த்து இழுக்கத் தொடங்கினார்.